சாக்குக்காரனுக்கு முட்டிவலி

ஒரு பொம்மையிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் அல்ல. தலை பாதி நரைத்து, மூக்குக்கண்ணாடிக்கு இரண்டாம் முறை பவர் மாற்றிய பிறகு. கள்ளக்குறிச்சியில் நான் கணக்கு எழுதும் ஜவுளிக்கடையின் மாடியில், கரண்ட் போன ஒரு மத்தியான நேரம். சேலைப் பிரிவு திரும்பும் இடத்தில் யார் மேலோ இடித்துவிட்டேன். "மன்னிச்சிக்குங்கம்மா, தெரியாம பட்டுடுச்சி" என்றேன். பதில் இல்லை. ரொம்பக் கோபம் போலிருக்கிறது என்று இன்னொரு தடவையும் கேட்டேன். கரண்ட் வந்துவிட்டது. பச்சைப் பட்டு உடுத்தி, கழுத்துக்கு மேல் ஒன்றுமே இல்லாத பொம்மைக்கு முன்னால் கைகூப்பி நின்றிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க, நான் மாடி ஏறும்போதெல்லாம் சேலைப் பிரிவுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்து "மன்னிச்சிக்குங்கம்மா" என்று சொல்லிக்கொண்டார்கள். முதலாளி வரைக்கும் செய்தி போய், அவர் சம்பளக் கவரைக் கொடுக்கும்போது கூட உதட்டை மடித்துக்கொண்டார். சிரிக்காதவர் ஒருவர்தான். குழந்தைகள் துணிப் பிரிவில் நிற்பவர். சாயங்காலம் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து நின்று, யாரும் கேட்காதபடி கேட்டார்.

"அது இன்னாங்க சொல்லிச்சி?"

"எது?"

"பொம்மைதான். நீங்க கேட்டீங்களே. அது இன்னா சொல்லிச்சி?"

கிண்டல் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. பொம்மைக்கும் ஒரு தரப்பு இருக்கும், அதை யாருமே கேட்கவில்லையே என்கிற கவலைதான் இருந்தது.

அவரைப் பார்த்தால் கதை சொல்கிறவர் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். கழுத்தில் அளவு டேப், பையில் ஓமத் தண்ணீர் பாட்டில், எந்நேரமும் வயிற்றில் வாயு. பெரியவர்களோடு அவர் பேசிய விஷயங்கள் மொத்தம் இரண்டு: ஒன்று வாயு, இன்னொன்று, தன் ஊரான களமருதூருக்குக் கடைசி பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்பது. புத்தகம் படிக்கிறவன், நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்ற முறையில் (சிரித்த வாசகர் எவரையும் இதுவரை நேரில் பார்த்ததில்லை) அவரிடம் ஒரு தடவை, "எனக்கும் ஒரு கதை சொல்லுங்களேன்" என்றேன். ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்தில் நான் கொட்டாவி விட்டேன். மூன்றாவதில் அவரே விட்டார். "பெரியவங்களுக்கு வர மாட்டேங்குதுங்க" என்று ஓமத் தண்ணீரைத் திறந்தார்.

குழந்தைகளுக்கு மட்டும் வந்தது. எப்படி வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் காதுகுத்துக்குத் துணி எடுக்க வந்திருந்தது. காது குத்தப்பட வேண்டிய பொடியன் மாடிப் படியிலேயே நின்றுவிட்டான். தலையில்லாத பொம்மையைத் தாண்டி வர மாட்டேன் என்கிறான். அப்பா முதுகில் ஒன்று வைத்தார். அம்மா, "அது பொம்மைடா, உன்ன ஒண்ணும் பண்ணாதுடா" என்றாள். பையன் தொண்டை கிழியக் கத்தினான். இவர் டேப்பைக் கழற்றி வைத்துவிட்டு, படியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பொம்மையைப் பார்க்காமல், காதோடு காதாகச் சொன்னார்.

"தலை காணோம்னு காலையிலேர்ந்து தேடிக்கினு இருக்குது. வர வழியில நீ எங்கனா பாத்தியா?"

பையன் அழுகையை நிறுத்தி யோசித்தான். "இல்ல."

"இன்னும் சோறு கூட துன்னல. வாயே இல்லியே, எப்படித் துன்னும்?"

"கழுத்துல ஊத்தணும்."

"இன்னா ஊத்தலாம்?"

"ரசம்."

துணி எடுத்து முடித்துக் கிளம்பும்போது பையன் மறுபடி அழுதான். ரசம் ஊற்றாமல் வர மாட்டானாம்.

அவருடைய வித்தை அவ்வளவுதான். பேய், பிசாசு, கிணறு, இருட்டு, ஊசி போடுகிற நர்ஸ், எதைக் கண்டு பயந்தாலும் 'பயப்படாதே' என்ற சொல் அவர் வாயில் வராது. பயமுறுத்துகிற அந்த ஒன்றுக்கு என்ன கஷ்டம் என்று கேட்பார். அதற்குப் பசிக்கும், கால் வலிக்கும், இல்லாவிட்டால் ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போயிருக்கும். மிச்சத்தைக் குழந்தையே சொல்லிவிடும்.

நான் அறிவியல் மனப்பான்மை உள்ளவன். பொம்மை விவகாரத்தை விட்டுவிடுங்கள். "இதெல்லாம் மூடநம்பிக்கையை வளர்க்கிற வேலை. பேய் கிடையாதுன்னு ஒரே அடியா சொல்லிட வேண்டியதுதானே?" என்று அவரோடு ஒரு நாள் வாதம் செய்தேன்.

"இல்லன்னு சொல்லி வெரட்டிட்டா, அது எங்க போவும்? நேரா புள்ளைக்கு உள்ளதான போவும்? வெளியிலியே இருக்கட்டுங்க. எதிர்ல இருந்தாத்தான பேச முடியும்."

அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். இப்போது மறந்துவிட்டது. அப்போதும் நினைவுக்கு வரவில்லை.

அவரை மகான் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் மனைவி ஒரு தடவை கடைக்கு வந்திருந்தபோது, "உங்க வூட்டுக்காரரு கதை சொல்றதுல மன்னனாச்சே" என்றேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க. வளந்து கல்யாணமும் ஆயிப்போச்சி. அதுங்களுக்கு ஒரு நாள் ஒரு கதை சொன்னது இல்லீங்க. வூட்டுக்கு வந்தா கேஸ் டிரபுள்னு குப்புறப் படுத்துக்குவாரு."

கல்வராயன் மலைக்கு அவர் போனதற்கு ஒரு டீச்சரம்மா காரணம். மலைமேல் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை. பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வந்தவர், இவர் ஒரு குழந்தையோடு பேசிக்கொண்டிருந்ததைத் தூணுக்குப் பின்னால் நின்று முழுக்கக் கேட்டுவிட்டார். பிறகு நேராக வந்து, "எங்க புள்ளைங்களுக்கும் வந்து சொல்வீங்களா?" என்றார்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடம் இருக்கும் இடத்துக்கும் பிள்ளைகளின் ஊருக்கும் நடுவில் கொஞ்சம் காடு. ஊரில் தாய் தகப்பன்மார் மிளகு பறிக்க, காப்பித் தோட்டத்துக்கு என்று, பிள்ளைகளைக் கிழவன் கிழவிகளிடம் விட்டு, மாதக்கணக்கில் வெளியூர் போய்விடுவார்கள். போகும்போது பிள்ளைகள் வாசலைத் தாண்டாமல் இருக்கச் சொல்லி வைத்துவிட்டுப் போவது: 'வெளிய போனீன்னா சாக்குக்காரன் புடிச்சி சாக்குல போட்டுக்கினு போயிடுவான்.' பிள்ளைகள் அதை நம்பிவிட்டன. காட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடம் வர ஒன்றுகூடத் தயாராக இல்லை.

"ஊருக்குள்ள இருக்கறதுக்காகச் சொல்லி வச்ச பயங்க. பள்ளிக்கூடத்தை ஊருக்கு வெளியில கட்டிட்டாங்க. நான் இன்னா பண்றது?" என்றார் டீச்சர். "இப்படியே போனா புள்ளைங்க இல்லன்னு பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க. அப்புறம் அதுங்களும் மூட்டை கட்டிக்கினு மிளகு பறிக்கத்தான் போவும்."

வார லீவு நாளில் இவர் மலையேற ஆரம்பித்தார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் வளைவுகளில் ஏறத் தொடங்கியதுமே காலையில் சாப்பிட்ட இட்லியை ஜன்னல் வழியாக மலைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இவர் எனக்கு ஓமத் தண்ணீர் கொடுத்தார். அது அதைவிட மோசம்.

டீச்சர் எப்படியோ ஊருக்கே போய்ப் பிள்ளைகளை ஒரு மரத்தடியில் கூட்டி வைத்திருந்தார். இவர் பையிலிருந்து ஒரு பழைய சாக்கை எடுத்தார். மரவள்ளிக் கிழங்கு கட்டும் சாக்கு. பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே அலையாகப் பின்னால் போனார்கள். இவர் சாக்கை விரித்து அதன்மேல் உட்கார்ந்து, முட்டியை அமுக்கிக்கொண்டு "யப்பா" என்று முனகினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "யம்மா" என்றார்.

சந்தியா என்று ஒரு சிறுமி. அதுவரை யாரோடும் பேசாத பெண்ணாம். அப்பாவும் அம்மாவும் போன வருஷம் காப்பித் தோட்டத்துக்குப் போனவர்கள் பொங்கலுக்குக் கூட வரவில்லை. அவள்தான் கேட்டாள். "இன்னா ஆச்சி?"

"எனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா. சாக்குக்காரனுக்குத்தான் முட்டிவலி. மலை ஏறி ஏறி முட்டி தேஞ்சிபோச்சி."

"அவன் வந்துகிறானா?"

"எங்க வரது? கீழயே குந்திக்கினு இருக்கான். சாக்கை மட்டும் எங்கிட்ட குடுத்தனுப்பிச்சான். ஓட்டையாயிடுச்சாம். யாருனா தச்சிக் குடுப்பாங்களான்னு கேட்டுக்கினு வரச் சொன்னான்."

சாக்கின் அடியில் நிஜமாகவே பெரிய ஓட்டை. சந்தியா கிட்டே வந்து அதில் கையை விட்டாள். பிறகு தலையை விட்டாள். உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தாள். "டேய், இதுல போட்டா கீழ வுழுந்துடுவோம்டா!" என்று கத்தினாள். பிறகு வரிசை கட்டி எல்லாரும் சாக்குக்குள் போய் வந்தார்கள். அப்புறம் பெரிய வழக்கு நடந்தது. தைத்துக் கொடுத்தால் நம்மையே பிடித்துக்கொண்டு போவான் என்றது ஒரு கட்சி. குளிருக்குப் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறு என்ன இருக்கிறது, பாவம், என்றது இன்னொரு கட்சி. இவர் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லவே மாட்டார். கடைசியில், சாக்கு அப்படியே இருக்கட்டும், முட்டிக்கு எண்ணெய் கொடுத்தனுப்பலாம் என்று முடிவாயிற்று. யார் வீட்டிலிருந்தோ ஒரு சின்ன பாட்டிலில் விளக்கெண்ணெய் வந்தது. இறங்கும்போது பஸ்ஸில் அதைத் தன் முட்டியிலேயே தேய்த்துக்கொண்டார். "வீணாக்கக் கூடாது பாருங்க."

பிள்ளைகள் காட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தார்கள். இவருக்குச் 'சாக்குக்காரரு' என்று பெயர் விழுந்தது. இவர் வரும் நாளில் பாதி வழி வந்து நின்றுகொண்டு, சாக்கில் தூக்கிப் போகச் சொல்லிச் சண்டை போடுவார்களாம். கொஞ்ச தூரம் ஒருத்தரைச் சுமப்பார், முட்டி வலிக்கிறது என்று இறக்குவார், அடுத்தது ஏறும். இப்படியே பள்ளிக்கூடம் வந்துவிடும். டீச்சர் போனில் இதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் இப்போது நினைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

அந்தச் சமயத்தில்தான் எல்லார் போனுக்கும் வாட்ஸ்அப்பில் யாரோ ஒருவரின் குரல் வந்தது. வெளியூர்க் கும்பல் ஒன்று இறங்கியிருக்கிறது, சாக்கு மூட்டையோடு திரிகிறது, பிள்ளைகளைப் பிடித்துப் போய்க் கிட்னியை எடுக்கிறது, இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள். எனக்கு அனுப்பியவர்களில் என் மச்சான் ஒருவர். விலங்கியலில் பட்டம் வாங்கியவர். கடையில் சேலைப் பிரிவுப் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர பர்மிஷன் போட்டார்கள். சாக்கு வைத்திருப்பவன் யாராக இருந்தாலும் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழைய பேப்பர் வாங்குகிறவர் ஒரு வாரம் தெருவுக்கே வரவில்லை.

"இந்த வாரம் மலைக்குப் போவாதீங்க" என்றேன்.

"புள்ளைங்க வழியில வந்து நின்னுக்கினு இருக்குங்களே."

"சாக்கையாவது வச்சிட்டுப் போங்க."

"சாக்கு இல்லாம போனா, அவனுக்கு இன்னா ஆச்சின்னு கேக்கும்ங்க. நான் இன்னா சொல்றது?"

போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. டீச்சர் சொன்னதைச் சொல்கிறேன். காட்டுப் பாதையில் சந்தியாவின் முறை. சாக்குக்குள் அவள், ஓட்டை வழியாக வெளியே இரண்டு கால்கள், சிரிப்புச் சத்தம். பின்னால் மற்றப் பிள்ளைகள் நடந்துவந்தார்கள். எதிரே பைக்குகளில் நாலைந்து ஆட்கள் வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், இவரை அறியாதவர்கள், அவர்கள் போனுக்கும் அந்தக் குரல் வந்திருந்தது.

"யார்ரா நீ?"

"கதை சொல்ல வந்தேங்க."

"யார்கிட்ட கதை வுடற?"

சாக்கைப் பிடுங்கிச் சந்தியாவை வெளியே எடுத்தார்கள். ஒருவர் அவளைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு, பதறிப்போய், தன் பெண்ணிடம் பேசுவதுபோலவே கேட்டாராம்.

"பயப்படாம சொல்லு கண்ணு. இவன் யாரு?"

"சாக்குக்காரரு."

"உன்னப் புடிச்சிக்கினு போறானா?"

"ஆமா." அவளுக்கு அது விளையாட்டு. விளையாட்டில் அப்படித்தானே சொல்ல வேண்டும்.

"உனக்குப் பயமா இல்லியா?"

"இல்லியே. அவரு பாவம்."

அந்த ஆள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியாடா. பொட்டு பயம் இல்ல. இன்னாவோ மருந்து வச்சிட்டான்டா."

மற்றப் பிள்ளைகளையும் பார்த்தார்கள். எந்த முகத்திலும் பயம் இல்லை. அதுவே சாட்சியாகிவிட்டது. பயந்து ஒரு பிள்ளையாவது அழுதிருந்தால் கொஞ்சம் நிதானித்திருப்பார்களோ என்னவோ. அடி விழ ஆரம்பித்த பிறகுதான் பிள்ளைகள் அழுதார்கள். "அடிக்காதீங்க, அவருக்கு முட்டிவலி" என்று கத்தினார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் சொன்னார்கள். சத்தம் கேட்டு டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவதற்குள் முட்டி போய்விட்டது. கையும்.

ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வாயில் அடி இல்லை. பேச முடியும். போலீஸ்காரர் வந்து கேட்டதற்கு, "மொகம் தெரியலீங்க" என்று மட்டும் சொன்னார்.

சில நாள் கழித்து அந்த ஆட்களில் இரண்டு பேர், டீச்சர் கூட்டி வர, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் மலைத்தேன் பாட்டில். கெட்டவர்களின் முகம் என்று ஒன்றை நான் புத்தகங்களில் நிறையப் படித்திருக்கிறேன். அது அங்கே இல்லை.

"தெரியாம பண்ணிட்டோம்ங்க" என்றார் தேன் பாட்டில்காரர். "பயந்துட்டோம். எங்களுக்கும் புள்ளைங்க இருக்குதுங்க." அழுதுவிட்டார்.

நான் காத்திருந்தேன். இத்தனை வருஷம் எல்லாவற்றையும் பார்த்து, உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டவர், இவர்களையும் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்து சொல்லியிருப்பார். வயிறு முழுக்கப் பயத்தோடுதான் அவர் நின்றார். இவர் அவரைப் பார்த்தார், ரொம்ப நேரம். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்கள் போனதும், "அந்தத் தேனை யாருக்குனா குடுத்துடுங்க" என்றார். என் மனைவி எலுமிச்சம்பழத்தோடு கலந்து குடித்துத் தீர்த்தாள். நல்ல தேன் என்றாள்.

கட்டுப் பிரித்த பிறகு டீச்சர் கடைக்கு வந்தார். இவர் அப்போது மாடி ஏற முடியாமல் கீழே கோடவுனில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் பிரிவுக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. பொம்மையைக் கண்டு யாராவது கத்தினால், பொம்மையைத் திருப்பி வைத்தார்கள்.

"புள்ளைங்க வரதில்லீங்க" என்றார் டீச்சர். "முன்ன சாக்குக்காரனுக்குப் பயந்தாங்க. இப்ப பைக் சத்தம் கேட்டாலே புதர்ல போய் ஒளியுதுங்க. ஊர்ல யாரு வந்தாலும் பயம். அவங்க சித்தப்பன், மாமனைக் கண்டே பயப்படுதுங்க. சந்தியா மறுபடியும் பேசறதில்ல. நீங்க ஒரே ஒரு தடவை வந்தா போதும். ஒரு கதை சொல்லுங்க. பள்ளிக்கூடத்தை மூடப் போறாங்க."

அவர் மூட்டையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். அவிழ்ந்த கயிற்றை மறுபடி முடிந்தார்.

"இன்னா கதைம்மா சொல்றது? பேய்க்கு இன்னா கஷ்டம்னு நானே இட்டுக்கட்டிச் சொல்வேன். அது வந்து இல்லன்னு சொல்லப்போறது இல்ல. இவங்க நெஜ ஆளுங்க. புள்ளைங்களை ஆசையாத் தூக்கி வச்சிக்கினுதான் என்னை அடிச்சாங்க. அதை எப்படி மாத்திச் சொல்றது?" முடிந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, "புள்ளைங்க பயப்படுறது சரிதானம்மா?" என்றார். கேள்வியாகத்தான் கேட்டார். எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் நிறையப் படித்தவன். பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

அந்தத் தீபாவளிக்கு முன்பே வேலையை விட்டுவிட்டுக் களமருதூரிலேயே இருந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாயுவைப் பற்றிப் பேசினார். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன். ரோட்டில் ஒரு பைக் வந்தது. அவர் கை நாற்காலியின் கையைப் பிடித்தது. பைக் போய், அதன் சத்தம் போய், வெகு நேரம் கழித்துத்தான் விட்டது.

அப்போது ஒரு காரியம் செய்தேன். "அந்தப் பைக்குக்கு இன்னா கஷ்டமோ. பெட்ரோல் இல்லாம ராத்திரியெல்லாம் பட்டினி கிடந்திருக்கும்" என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "வுடுங்க. உங்களுக்கு வராது."

பள்ளிக்கூடம் மூடப்பட்டுவிட்டது. டீச்சருக்குக் கீழே எங்கோ மாற்றல். இவர் அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார் என்று தாமதமாகத்தான் தெரிந்தது. சந்தியாவை அவள் தாய் தகப்பன் வந்து காப்பித் தோட்டத்துக்கே கூட்டிப் போய்விட்டார்களாம்.

இதைச் சொன்னது அந்த ஊர்க்கார அம்மாள் ஒருத்தர். இடுப்பில் ஒரு சின்னப் பிள்ளையோடு கடைக்கு வந்திருந்தார். மலையிலிருந்து வருவதாகச் சொன்னதும் நானே வலியப் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். கதை சொல்ல வந்தவரை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம. நல்ல மனுசன். ஆனா எங்க பொழப்பைக் கெடுத்துட்டுப் போயிட்டாருங்க. முன்னல்லாம் சாக்குக்காரன் வரான்னா புள்ளைங்க ரெண்டு வாய் சேத்துத் துன்னும். இப்ப சொன்னா, 'அவரு பாவம், அவரை அடிச்சிட்டாங்க'ன்னுதுங்க. பைக்குக்காரங்க வராங்கன்னு சொன்னாத்தான் வாயத் தொறக்குதுங்க." இடுப்புப் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு, மேஜைமேல் இருந்த சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "அது நல்லா வேலை செய்யுதுங்க. இந்த மஞ்ச சொக்காய்ல ஒரு சைஸ் பெருசு இருக்குதா?"